ஆறு மணி நேரத்துக்கு ஒரு துளி

ஒருவருக்கு இன்சுலின் பம்ப் மணிக்கு 0.8 யூனிட் செலுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு துளி அவர் உடலுக்குள் போய்ச்சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அந்தச் சிறு கசிவுதான் உயிர் காக்கிறது. டைப் 1 நீரிழிவில் கணையத்தின் பீட்டா செல்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. கல்லீரலோ பட்டினி கிடந்தாலும் ரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினை ஊசியாகப் போட்டுக்கொண்டால், போட்டபின் அதன் வேகத்தை மாற்ற வழியில்லை. பம்பில் மாற்றலாம். கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் விடியற்காலையில் பலருக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை மட்டும் அளவைக் கூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். குத்திக்கொள்வது குறைகிறது என்பதைவிட இதுவே பம்பின் பெரிய நன்மை.

1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் ஆர்னால்ட் காடிஷ் செய்த பம்பை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது. 1978இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் பிக்கப், ஹாரி கீன் குழுவினர், தோலுக்கடியில் இடைவிடாமல் இன்சுலின் செலுத்த முடியும் என்று காட்டினார்கள். இன்று அது இடுப்பில் செருகிக்கொள்ளும் பொருள்.

சாப்பாட்டுக்கு மட்டும் மனிதர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் தேவைப்படுபவருக்கு, 60 கிராம் உள்ள உணவுக்கு 6 யூனிட். சர்க்கரை அப்போது 220, இலக்கு 120. ஒரு யூனிட் 50 இறக்கும் என்றால் இன்னும் 2. ஆனால் முன்பு போட்டதில் ஒன்றரை யூனிட் இன்னும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைக் கழித்தால் ஆறரை. கழித்தலைப் பம்ப் பார்த்துக்கொள்ளும். தட்டில் இருப்பது 60 கிராமா, 90 கிராமா என்பது அதற்குத் தெரியாது. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினிமெட் 670ஜி, உடலில் பொருத்திய சர்க்கரை சென்சாரின் அளவைப் பார்த்து, இடைவிடாமல் செலுத்தும் அடிப்படை இன்சுலினைத் தானே திருத்திக்கொண்டது. அதிலும் சாப்பாட்டுக் கணக்கு அணிபவருடையதே.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது வேறொன்று. பம்பில் நிரப்புவது விரைவாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். உடலில் கையிருப்பு கிடையாது. தோலுக்கடியில் செருகிய மெல்லிய குழாய் மடங்கிப்போனால், மணிக்கு ஒரு யூனிட்கூட ஓடாத நிலையில், அழுத்தம் கூடி அலாரம் அடிக்கவே பல மணி நேரம் ஆகலாம். டியூபில் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்குக் காற்றுக்குமிழி நின்றால், ஏறக்குறைய அரை யூனிட் போய்விட்டது என்று பொருள். கவனிக்காவிட்டால் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேர்ந்து ரத்தம் அமிலமாகும், வாந்தி வரும், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் நினைப்பார்கள். காரணம் தெரியாமல் சர்க்கரை 250ஐத் தாண்டி, கூடுதல் டோஸ் கொடுத்தும் இறங்கவில்லை என்றால் பம்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது. கீட்டோன் பார்த்து, மருத்துவர் சொல்லிவைத்த அளவை இன்சுலின் பேனாவால் போட்டுக்கொண்டு, குழாய் செட்டைப் புதிதாக மாற்ற வேண்டும்.

இத்தனை பாடும் வீண்போவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்து 1993இல் முடிந்த டி.சி.சி.டி. ஆய்வில், பம்பாலோ தினமும் பல ஊசிகளாலோ சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு தொடங்கும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. கடுமையான லோ சுகர் மூன்று மடங்கானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்று சென்சார்கள் இல்லை. இந்தப் பாட்டோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்களும் உண்டு. பாஸ்டனின் ஜாஸ்லின் நீரிழிவு மையம், 50 ஆண்டுகள் இன்சுலினோடு வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கிறது. அவர்களை ஆராய்ந்தபோது, பலருக்கு அத்தனை காலத்துக்குப் பிறகும் கொஞ்சம் இன்சுலின் சுரந்துகொண்டிருந்தது. எனக்கு வியப்பு அடங்கவே இல்லை.

நம் ஊரில் பம்பின் விலை லட்சங்களில். வாங்கிய பிறகும் குழாய் செட், இன்சுலின் நிரப்பும் ரிசர்வாயர், சென்சார் செலவு நிற்பதில்லை. இரண்டு மூன்று நாளில் மாற்ற வேண்டிய செட்டைப் பணமில்லாமல் ஒரு வாரம் இழுத்தால் அந்த இடம் புண்ணாகும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் கொழுப்பு கட்டியாகத் திரண்டு, இன்சுலின் ஏறுவது தாறுமாறாகும். ஆகவே, முன்பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: மாதச் செலவு எவ்வளவு, யார் கற்றுக்கொடுப்பார்கள், நள்ளிரவில் பம்ப் நின்றால் யாரைக் கூப்பிடுவது.