சுட்டவருக்கும் வக்கீல் வேண்டும்

பஞ்சாபில் 1991-ல் ஒரு நிலத் தகராறு. தந்தையின் தலையில் வெட்டு விழவே, மகன் லைசென்ஸ் துப்பாக்கியால் சுட்டார்; வெட்டியவர் மாண்டார். செஷன்ஸ் கோர்ட்டு மகனை விடுதலை செய்தது. ஐகோர்ட்டோ கொலை என்று தண்டித்தது. தற்காப்புதான் என்று சுப்ரீம் கோர்ட்டு விடுவித்தபோது 2010 பிறந்துவிட்டது!

தம்மையும் பிறரையும் காக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. அதைக் கோர்ட்டில் எடுத்துக் காட்டும் பொறுப்பு சுட்டவருடையது. பட்ட காயத்தை டாக்டர் அன்றே குறித்தாரா, பார்த்தவர் யார் என்பதை வக்கீல் உடனே கவனித்தாக வேண்டும். காயம் ஆறிப்போகும், சாட்சி ஊர் போய்விடுவார்.

பாஷை தெரியாத ஊரில் துப்பாக்கியோடு காவல் நிற்பவர் என்ன செய்வார்? கைதானவர் வக்கீலைக் கலந்துகொள்ள அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு இடம் தருகிறது. காவலில் இருப்பவருக்கு, சம்பளம் எவ்வளவானாலும், 1987-ம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. மாஜிஸ்திரேட்டிடமே கேட்கலாம்.