மட்டக்குதிரையும் எட்டுத் தடைகளும்

நம் சங்கத்துக் குழந்தைகளில் பாட்டுக்குப் போகிறவர்கள் உண்டு, பரதத்துக்குப் போகிறவர்கள் உண்டு. சதுரங்கம், கராத்தே, அபாகஸ் என்று ஞாயிற்றுக்கிழமையைக் கூறு போட்டுவிடும் பெற்றோரும் உண்டு. குதிரையேற்றத்துக்குப் போகும் குழந்தை எனக்குத் தெரிந்து ஒன்றுதான்; அது என் பேத்தி. பொங்கல் விழாவில் பந்தி நடக்கும்போது நாலைந்து அன்பர்கள், "அதெல்லாம் ராணுவத்துக்காரர் பிள்ளைகளுக்கும் பணக்காரர்களுக்கும் உள்ள சமாச்சாரம் ஆச்சே சார்?" என்று கேட்டார்கள். ஆளுக்கொரு பதில் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஊரில் நமக்குத் தெரிந்த குதிரை அய்யனார் கோயில் மண்குதிரைதான். 1977இல் தணிக்கைத் துறை வேலைக்காகத் தில்லிக்கு வந்த பிறகு, உயிருள்ள குதிரையை நான் அருகில் பார்த்தது கல்யாண ஊர்வலங்களில். 1982இல் தில்லி ஆசிய விளையாட்டில் முதன்முதலாகக் குதிரையேற்றம் சேர்க்கப்பட்டபோது, ரகுபீர் சிங் தங்கம் வாங்கியதை எதிர்வீட்டு டெலிவிஷனில் குடும்பத்தோடு பார்த்தோம். அதற்குப் பிறகு இந்த விளையாட்டில் நம் நாட்டுக்கு ஆசியத் தங்கம் கிடைக்க 41 ஆண்டுகள் ஆயின. 2023இல் ஹாங்சௌவில் டிரஸ்ஸாஜ் எனப்படும் நடைப் பயிற்சிப் பிரிவில் நால்வர் குழு வாங்கியது. நடுவில் பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்சா 2018இல் இரண்டு வெள்ளி வாங்கி, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஓடினார். பேத்தியின் மேஜைக்கு மேல் ஒட்டியிருப்பது அவர் படம்தான்.

அவளுக்குப் பித்துப் பிடித்தது ஒலிம்பிக்கால் அல்ல. எங்கள் தெருவில் போன கல்யாண ஊர்வலத்தின் வெள்ளைக் குதிரை அவள் கையிலிருந்த பிஸ்கட்டை நாசூக்காக உதட்டால் எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான். ஒரு வருஷம் நச்சரித்தாள். 2023இல் ஒன்பது வயதானதும், பரத வகுப்பை விட்டுவிட்டு அந்தப் பணத்தோடு கொஞ்சம் போட்டு, மாதம் எட்டு வகுப்பு என்று சேர்த்தான் என் பிள்ளை. குதிரையை யாரும் வாங்க வேண்டியதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பள்ளியின் குதிரைதான், பள்ளியின் சேணம்தான். நாம் வாங்குவது தலைக்கவசமும் காலணியும். கவசம் குதிரையேற்றத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். அண்ணனின் கிரிக்கெட் கவசம் உதவாது. காலணிக்குச் சிறிய குதி வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும்.

அவளுக்குக் கொடுத்தது மோத்தி என்கிற பழுப்பு மட்டக்குதிரை. குதிரையின் உயரத்தைக் 'கை' கணக்கில் அளப்பார்கள். ஒரு கை நாலு அங்குலம். தோள்மேடு வரை 148 சென்டிமீட்டர், அதாவது பதினாலரைக் கைக்குச் சற்றே அதிகம், அதற்குள் இருந்தால் மட்டக்குதிரை. மோத்தி 12 கை. பதினேழு வயது. முகத்தைப் பார்த்தால் ஓய்வு பெற்ற ஹெட்கிளார்க் மாதிரி இருக்கும்: எல்லாம் தெரியும், எதற்கும் அவசரமில்லை.

கற்றுக்கொடுப்பவர் குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தஃபேதார் சாகிப் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். "ஏடி நீச்சே! நஜர் ஊபர்!" குதிகால் கீழே, பார்வை மேலே. முதல் நாலு மாதம் இதே மந்திரம்தான். தடை தாண்டுவது என்றால் எடுத்தவுடன் எகிறிக் குதிப்பது என்று நினைத்திருந்த பேத்திக்கு, தரையில் கிடத்திய மூங்கில்களை நடந்து கடப்பதே பாடமாக இருந்தது. பிறகு குறுக்காகச் சாத்திய இரண்டு கம்புகள். நடுவில் ஒரு சாண் உயரம்கூட இராது. அதற்குப் பிறகுதான் நேர்க்கம்பு, 30 சென்டிமீட்டர், 45 சென்டிமீட்டர் என்று.

தாண்டும்போது ஏன் முன்னால் சாய்கிறார்கள் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார்களாம். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ காப்ரில்லி (1868–1907) என்பவர்தான், குதிரையின் முதுகையும் வாயையும் சும்மா விட்டு, அதன் போக்கோடு முன்னால் சாய்ந்து போனால் அது தானே நன்றாகத் தாண்டும் என்று காட்டியவர். இன்று உலகம் முழுக்க அவர் வழிதான்.

இன்னொரு சங்கதி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில். நெற்றிக்கு நேர் எதிரே, மூக்கின் அருகே இருப்பது அதற்குத் தெரியாது. தடையை நெருங்கித் தாவும் கணத்தில் அந்தக் கம்பு அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. தூரத்தில் பார்த்ததை நினைவில் வைத்து, மேலே இருப்பவரை நம்பித்தான் அது தாவுகிறது. சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரித்தறிய முடியாது. நீலமும் மஞ்சளும் தெரியும். பளபளவென்று ஆரஞ்சு வண்ணம் பூசிய கம்பு நம் கண்ணைத்தான் பறிக்கும், அதன் கண்ணை அல்ல.

மோத்திக்கு ஆகாதது ஒரு பலகைத் தடை. நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. நவம்பரில் ஒரு காலை அதன் முன் கல்லுப்பிள்ளையார் போல நின்றுவிட்டது. பேத்தி நிற்கவில்லை, கழுத்து வழியாகத் தடைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தாள். மணிக்கட்டில் சுளுக்கு; மூன்று வாரம் கட்டு.

வீட்டில் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. "பொட்டப் புள்ளைக்குக் கை காலு ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு என் பிள்ளையிடமும் பதில் இல்லை, மருமகளிடமும் இல்லை. வகுப்பு நின்றது. அதைவிட எனக்கு உறைத்தது, குழந்தையே போகிறேன் என்று சொல்லவில்லை. மிர்சா படத்தை மட்டும் கழற்றவில்லை.

கட்டுப் பிரித்த ஞாயிறு, "தாத்தா, மோத்தியைப் பாத்துட்டு வந்துரலாம், ஏறல" என்றாள். போனோம். அவள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மோத்தியை அந்தப் பலகை வரை நடத்திச் சென்றாள். அது முகர்ந்தது, பெருமூச்சு விட்டது, பலகையை நக்கியும் பார்த்தது. தஃபேதார் தூரத்தில் நின்று பீடி பிடித்தபடி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு இதுவே நடந்தது. நாலாவது ஞாயிறு அவளாகவே தலைக்கவசத்தைக் கேட்டாள். பாட்டி எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் ஒளித்தும் வைக்கவில்லை.

2024 பிப்ரவரியில் பள்ளியின் புதியவர் போட்டி. எட்டுத் தடைகள், 45 சென்டிமீட்டர். வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளைக் கொடி. இரண்டுக்கும் நடுவே, எண் வரிசையில் தாண்ட வேண்டும். கம்பு விழுந்தால் 4 குற்றப்புள்ளி. குதிரை மறுத்தால் 4. பெரிய சர்வதேசப் போட்டிகளில் இரண்டாம் முறை மறுத்தால் வெளியேற்றம். இங்கே மூன்றாம் முறை வரை பொறுத்தார்கள். விழுந்தால் எங்கும் வெளியேற்றம்தான். முப்பத்தைந்து வருஷம் ஆட்சேபணை எழுதியே பிழைத்த எனக்குக் கழித்துக்கொண்டே போகும் இந்தக் கணக்கு உடனே பிடித்துவிட்டது. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

போட்டிக்கு முன் குழந்தைகள் களத்தை நடந்தே அளக்கிறார்கள். பெரிய குதிரையின் ஓட்டத்தில் ஓர் எட்டு சுமார் 12 அடி. மட்டக்குதிரைக்கு ஒன்பது, பத்து அடிதான். இரண்டு தடைகளுக்கு நடுவே மோத்தி எத்தனை எட்டு வைக்கும் என்று உதடு அசைய எண்ணிக்கொண்டு போனாள். ஐந்தாவது தடை அதே நீலப் பலகை.

மணி அடித்தது. நாலு தடை சுத்தம். ஐந்தாவதில் மோத்தி நின்றது. என் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த பாட்டி (ஆமாம், வந்திருந்தாள்) என் முழங்கையைப் பிடித்த பிடியில் பேனா விழுந்தது. இந்த முறை குழந்தை விழவில்லை. கழுத்தில் ஒரு தட்டுத் தட்டி, பெரிய வட்டமாகச் சுற்றி வந்தாள். பலகையைப் பார்க்கவில்லை, அதற்கு அப்பால் இருந்த வேப்பமரத்தைப் பார்த்தாள். மோத்தி ஒரு கணம் தயங்கி, பூனை மாதிரி நாலு காலையும் தூக்கிக்கொண்டு தாண்டியது. கடைசித் தடையில் பின்னங்கால் பட்டுக் கம்பு உருண்டது. மொத்தம் 8 குற்றப்புள்ளி. பதினேழு பேரில் பதினொன்றாவது இடம். ரிப்பன் கிடையாது.

பாட்டி கைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். அச்சு வெல்லம். "அதுக்குக் குடுக்கலாமா, கேட்டுச் சொல்லுங்க" என்றாள். துண்டு அளவாகக் கொடுக்கலாம் என்று தஃபேதார் சொன்னார். உள்ளங்கையை விரித்து நீட்ட வேண்டும், விரலைக் குவித்தால் கடிபடும் என்று பேத்தி பாட்டிக்குக் கற்றுக்கொடுத்தாள்.

இப்போது கவலை வேறு. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சேணத்தையும் சேர்த்து, சுமக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு. குழந்தை நெட்டெட்டென்று வளர்கிறாள். சீக்கிரமே மோத்தியை அடுத்த குழந்தைக்கு விட்டுவிட்டுப் பெரிய குதிரைக்கு மாற வேண்டும் என்று தஃபேதார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவள் இரவில் இட்லி இரண்டோடு எழுந்துவிடுகிறாள், பாட்டி மூன்றாவதைத் தட்டில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போகிறாள்.