வாவிக்கரைக் கழகங்களும் தீவு நாடுகளின் கிண்ணமும்

மாலைதீவின் சனத்தொகைக்கும் மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மட்டக்களப்பில் 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாலைதீவில் வெளிநாட்டுத் தொழிலாளரையும் சேர்த்து 5 இலட்சத்து 15 ஆயிரம் பேர். அந்த மாலைதீவு 2008இலும் 2018இலும் தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணத்தை வென்றது. இரண்டு முறையும் இறுதிப் போட்டியில் தோற்றது இந்தியா. அதன் நியூ ரேடியன்ற் கழகம் 2005இல் ஆசியக் கழகங்களுக்கான ஏ.எஃப்.சி. கிண்ணத்தின் அரையிறுதி வரை போனது. மட்டக்களப்பிலோ, தேசிய மட்டத்தின் முதல் தரப் போட்டியில் ஒரு கழகம்கூட இல்லாத நிலை. 2021இல் தொடங்கிய இலங்கை சுப்பர் லீக்கின் 10 கழகங்களையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்: கொழும்பு, களுத்துறை, பேருவளை, வென்னப்புவ, நாவலப்பிட்டி, முப்படைகள். வடக்கிலிருந்தும் இல்லை, கிழக்கிலிருந்தும் இல்லை.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் பிள்ளைகள் மாலையானால் பந்தோடுதான் நிற்கிறார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஊர் மைதானத்திலிருந்து நாடு தாண்டிய மைதானம் வரை போகும் ஏணியில்தான் நடுப்படிகள் இல்லை. அந்த ஏணி எப்படிக் கட்டப்படுகிறது என்பதைச் சிறிய தீவு நாடுகளிடம் பார்க்கலாம்.

கரீபியன் தீவுகளில் 1997இலிருந்து கழகங்களுக்கான பிராந்தியச் சம்பியன்ஷிப் நடந்து வருகிறது. ட்ரினிடாட், ஜமெய்க்கா, ஹெய்ட்டி, டொமினிக்கன் குடியரசு, புவேர்ட்டோ ரிக்கோ என ஒவ்வொரு தீவின் லீக்கிலும் முன்னிலை பெற்ற கழகங்கள் தமக்குள் மோதும். அதில் தேறுபவை மெக்சிக்கோ, அமெரிக்கக் கழகங்கள் ஆடும் கண்டச் சம்பியன்ஷிப்புக்குப் போகும். தீவு நாடுகளுக்கு விமானச் செலவுதான் பெரும் சுமை. அதனால் நெடுங்காலம் ஒரு குழுவிலுள்ள அணிகளை ஒரே தீவில் கூட்டி, சில நாட்களுக்குள் அத்தனை ஆட்டங்களையும் முடித்தார்கள். ஒரு பயணச்சீட்டுக்கு இரண்டு மூன்று ஆட்டங்கள் கிடைத்தன. 2018இல், தொழில்முறை லீக் இல்லாத சிறு தீவுகளுக்கென்று தனியாக ஒரு கேடயப் போட்டியையும் தொடங்கினார்கள். 2023இலிருந்து மேல்மட்டப் போட்டி கரீபியன் கிண்ணம் என்ற பெயரில் 10 கழகங்களோடு நடக்கிறது. அவை ஐந்தைந்தாகப் பிரிந்து ஆடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆட்டங்கள் சொந்த ஊரில், இரண்டு வெளியூரில். முதல் மூன்று இடங்களுக்குக் கண்டப் போட்டியில் இடம்.

இதன் பலன் என்ன? ஹெய்ட்டியின் வயலற் கழகம் 2022இல் இந்தச் சம்பியன்ஷிப்பை வென்றது. உள்நாட்டுக் கலவரத்தால் சொந்த நாட்டில் ஆட முடியவில்லை. 2023 மார்ச்சில் பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசின் மைதானத்தைத் தன் 'சொந்த மைதானம்' ஆக்கிக்கொண்டு, அமெரிக்காவின் ஒஸ்ரின் கழகத்தை 3–0 என்று தோற்கடித்தது. மறுஆட்டத்தில் 0–2 எனத் தோற்றும், கூட்டுக் கணக்கில் 3–2 என்று அடுத்த சுற்றுக்குப் போனது. போரையும் இடப்பெயர்வையும் கண்ட நமக்கு, சொந்த மைதானம் இல்லாத ஓர் அணி ஆடி வெல்வதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. அடுத்து ஜமெய்க்காவின் கவலியர் கழகம். 2024இல் கரீபியன் கிண்ணத்தை வென்றதால் நேரே கண்டப் போட்டியின் இறுதி பதினாறு அணிகளுக்குள் போனது. அங்கே எதிரணியாக வந்தது இன்ரர் மயாமி. 2025 மார்ச்சில் மெஸ்ஸி கிங்ஸ்ரன் நகருக்கே வந்து ஆடினார், ஒரு கோலும் போட்டார். கவலியர் தோற்றது உண்மைதான். ஆனாலும் ஒரு நகரக் கழகத்தின் பையன்கள் தம் மக்கள் முன்னிலையில் மெஸ்ஸியைத் தடுக்க ஓடினார்கள்.

பசிபிக் தீவுகளிலும் இதே கதை. ஓசியானியாச் சம்பியன் லீக்கில் நியூசிலாந்துக் கழகங்களின் கைதான் ஓங்கியிருந்தது. 2010இல் பப்புவா நியூ கினியின் ஹெகாரி யுனைற்றெட் அதை உடைத்து உலகக் கழகக் கிண்ணத்துக்குப் போனது. 2019இல் நியூ கலிடோனியாவின் இயங்கேன் என்ற சிற்றூரின் கழகம் வென்றது; கட்டாரில் அல் சாத் கழகத்தை மேலதிக நேரம் வரை இழுத்துச் சென்று 1–3 என்று தோற்றது. நமது பிரதேச செயலகப் பிரிவுகள் பலவற்றைவிட அந்த ஊரில் ஆட்கள் குறைவு.

நமது கடலில் இப்படி என்ன இருக்கிறது? தீவு நாடுகளின் கழகங்களுக்கென்று நிலைத்த கிண்ணம் ஒன்று இலங்கைக்கு இல்லை. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு 2005 முதல் 2014 வரை, வளரும் நாடுகளின் கழகங்களுக்காகத் தலைவர் கிண்ணத்தை நடத்தியது. களுத்துறையின் புளூ ஸ்டார், கொட்டாஞ்சேனையின் ரட்ணம், ரினோன் போன்றவை அதில் ஆடின. 2014இல் அதன் கடைசி இறுதிப் போட்டி கொழும்பு சுகததாஸ அரங்கில் நடந்தது. இலங்கைக் கழகம் எதுவும் அந்தக் கிண்ணத்தை வென்றதில்லை. பின்னர் ஏ.எஃப்.சி. கிண்ணத்தின் தகுதிச் சுற்றுகள். 2019இல் கொழும்பு எஃப்.சி. சென்னையின் எஃப்.சி.யைக் கொழும்பில் 0–0 என்று தடுத்து நிறுத்தியது, மறுஆட்டத்தில் ஒரேயொரு கோலால் வெளியேறியது. 2022 ஏப்ரலில் புளூ ஸ்டார் கத்மண்டுவில் நேபாளத்தின் மச்சிந்திராவை 2–1 என்று வென்றது, ஒரு வாரத்தில் கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 0–5 என்று தோற்றது. இப்போது அந்தக் கிண்ணமும் இல்லை. 2024இலிருந்து ஆசியக் கழகப் போட்டிகள் மூன்று தட்டுகளாகிவிட்டன. கடைசித் தட்டான சலஞ்ச் லீக்தான் நம்மைப் போன்ற நாடுகளுக்கான வாசல். அதன் முதல் பருவத்திலேயே பூட்டானின் பாரோ கழகம் திம்புவில் ஒரு குழுவின் ஆட்டங்களை எடுத்து நடத்தியது. மலைநாடான பூட்டானின் சனத்தொகை எட்டு இலட்சத்துக்கும் உள்ளேதான்.

தேசிய அணிகளின் மட்டத்தில் தீவுகள் கூடிய ஒரு சந்தர்ப்பம் நினைவில் வைக்கத் தக்கது. 2021 நவம்பரில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடல் அரங்கில் இலங்கை, மாலைதீவு, சீஷெல்ஸ், பங்களாதேஷ் ஆகிய நான்கு நாடுகள் மோதின. இறுதிப் போட்டி 3–3 எனச் சமநிலையாகி, தண்டனை உதைகளில் இலங்கையை வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கொண்ட சீஷெல்ஸ். மைதானம் நிறைந்த அந்த நாட்கள் தொடரவில்லை. 2023 ஜனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. அந்த ஏழு மாதமும் இலங்கைக் கழகம் எதற்கும் நாடு தாண்டிய ஆட்டம் கிடையாது. நிர்வாகிகளின் பிணக்குக்கு விலை கொடுத்தவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். ஓர் ஆட்டக்காரனுக்கு ஏழு மாதம் எவ்வளவு பெரியது என்பதைக் கொழும்பில் கதிரைக்குச் சண்டை பிடித்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இனி வாவிக்கரைக்கு வருவோம். கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் உதைபந்தாட்டம் நடக்கும் விதத்தை ஒரு துண்டுப்பிரசுரமே சொல்லிவிடும்: கழகத்தின் ஆண்டு நிறைவையொட்டி, அணிக்கு 11 பேர் கொண்ட, விலகல் முறையிலான மாபெரும் சுற்றுப்போட்டி. வெற்றிக் கிண்ணம், பணப்பரிசு, சிறந்த கோல் காப்பாளருக்குத் தனிப் பரிசு. இறுதி நாளில் கோட்டுக்குச் சுண்ணாம்பு புதிதாகப் போட்டிருக்கும். கோல் கம்பத்துக்குப் பின்னால் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அடுக்கி, அவற்றின் மேலேயே ஏறி நின்று பார்ப்பார்கள். அதிதிகள் மேசையில் கிண்ணம், பக்கத்தில் ஒலிபெருக்கி. வாவிக்கு அக்கரை அணி, துறையில் 'பாதை' எனும் மிதவைப் படகில் ஏறி, சப்பாத்துப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வந்திருக்கும். தண்டனை உதை வந்தால் பெரியவர்கள்கூடக் கோட்டுக்குள் வந்துவிடுவார்கள். இந்த உற்சாகம் பணம் கொடுத்து வாங்க முடியாதது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 32 அணிகள் விலகல் முறையில் ஆடினால் மொத்தம் 31 ஆட்டங்கள். முதல் சுற்றோடு 16 அணிகளுக்கு முடிந்துவிடும்; ஒரே ஆட்டம், தொண்ணூறு நிமிடம்கூட இல்லாமல் பல இடங்களில் அறுபதே நிமிடம். கிண்ணம் வெல்லும் அணிக்கும் ஐந்து ஆட்டங்கள்தான். எட்டு அணிகள் லீக் முறையில் சொந்த மைதானத்திலும் எதிரணி மைதானத்திலும் ஆடினால், கடைசி இடத்து அணிக்கும் 14 ஆட்டங்கள் கிடைக்கும். தோற்ற பிறகு திருத்திக்கொள்ள அடுத்த கிழமை இருக்கும். கண்டத்துப் போட்டிக்குப் போன ஒவ்வொரு தீவுக் கழகமும் ஏதோ ஒரு லீக்கில் மாதக்கணக்கில் ஆடித்தான் வந்திருக்கிறது. விலகல் முறைத் திருவிழாக்களால் மட்டும் அப்படி ஓர் அணி உருவாகாது என்பதே என் உறுதியான எண்ணம்.

அடுத்த தடை உரிமம். ஆசியப் போட்டிக்குப் போகும் கழகம் சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும். வயது மட்ட அணிகள், சான்றிதழ் பெற்ற பயிற்றுவிப்பாளர், தரமான மைதானம், கணக்காய்வு செய்த வரவு செலவு எல்லாம் கேட்பார்கள். நமது ஊர்க் கழகத்துக்கு இருப்பது தலைவர், செயலாளர், பொருளாளர், ஒரு வங்கிப் புத்தகம், சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் பழைய வீரர் ஒருவர் அனுப்பிய சீருடை. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. போர்க்காலத்திலும் 2004 சுனாமிக்குப் பிறகும் பல கழகங்கள் உயிர் தப்பியதே அதனால்தான். ஆனால் வருடாவருடம் சீருடை வாங்கும் பணத்தில் ஒரு பங்கு, ஊரிலிருந்து ஒருவரைப் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ்ப் படிப்புக்கு அனுப்பப் பயன்பட்டால், பத்து வருடத்தில் நிலைமை வேறாகும்.

திறமையுள்ளவனுக்கு இன்று திறந்திருக்கும் வழிகள் மிகக் குறைவு. படைகளின் கழகங்கள் நிரந்தரச் சம்பளம் தருகின்றன. வாவிக்கரைத் தமிழ்ப் பையன்கள் அந்த வழியில் போவது அரிது. மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் போல நாட்டுக்காக ஆடி, பின் மாலைதீவின் வலன்சியாக் கழகம் வரை போனவர்கள் உண்டு. அவர் 2022இல் அங்கேயே காலமானது மன்னாரை மட்டுமல்ல, தமிழ் உதைபந்தாட்ட உலகம் முழுவதையும் உலுக்கியது. ஒரு சிலர் தனியே கடல் தாண்டுவது ஒன்று, ஒரு கழகம் தன் ஊர்ப் பெயரோடு கடல் தாண்டுவது வேறு.

வாவி லீக் ஒன்றை இங்கே தொடங்க என்ன தடை? வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். ஏறாவூரிலிருந்து கல்முனை வரை எந்த அணியும் எதிரணி ஊருக்குப் போய் ஆடி அன்றிரவே வீடு திரும்பலாம். கரீபியன் கழகத்தின் விமானச் செலவு இங்கே ஒரு பஸ் வாடகை. கல்லடியில் 2013இலும் மண்முனையில் 2014இலும் திறந்த பாலங்களால் இரு கரைப் பயணமும் சுருங்கிவிட்டது. அருட்தந்தை வெபரின் பெயர் தாங்கிய மைதானம் மட்டக்களப்பு நகரின் நடுவே இருக்கிறது. மழை கார்த்திகையில் தொடங்கித் தை வரை மைதானங்களை நீரில் மூழ்கடிக்கும். மாசி முதல் ஆவணி வரை, கச்சான் காற்றின் வெக்கையைத் தவிர்க்க மாலை ஐந்து மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கினால், எட்டு அணிகளின் 56 ஆட்டங்களுக்கும் வார இறுதிகள் தாராளமாகப் போதும். தமிழ், முஸ்லிம் ஊர்கள் மாறி மாறி ஒன்றை ஒன்று வரவேற்கும் 28 வார இறுதிகள் அந்த ஏழு மாதத்துக்குள் அடங்கும்.