கத்திக்குத் தப்பிய குதிரைக்குக் கொள்ளு வைப்பவர் யார்?

குதிரையை இறைச்சிக்காகக் கொல்லலாமா என்னும் வினா மேலை நாடுகளில் நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வருகிறது. சேலையூரில் வாழும் நமக்கும் இவ்வாதத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வினவலாம். நம் கடைகளில் குதிரை இறைச்சி விற்கப்படுவதில்லை என்பது மெய்யே. ஆயினும், இவ்வினாவின் மறுபாதி நம்மையும் சார்ந்தது என்பதை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

இவ்வழக்கு திருச்சபை வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. ஏறத்தாழ கி.பி. 732-ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரியார், செருமானிய மக்களிடையே நற்செய்தி அறிவித்த புனித போனிப்பாசுக்கு மடல் எழுதி, குதிரை இறைச்சி உண்பதைத் தடுக்குமாறு பணித்தார். பழைய தெய்வங்களுக்கு இட்ட பலியோடு அவ்வுணவு பிணைந்திருந்ததே காரணம் என்பர் வரலாற்று ஆசிரியர் பலர். காலம் மாறிற்று. 1866-இல் பிரான்சு அரசு குதிரை இறைச்சி விற்பனைக்கு இசைவு தந்தது.

அமெரிக்காவின் அனுபவம் நமக்குப் பாடமாகத் தக்கது. அங்கே எஞ்சியிருந்த மூன்று குதிரைக் கொல்களங்களும் 2007-இல் மூடப்பட்டன. இரக்கமுள்ளோர் மகிழ்ந்தனர். ஆனால் நடந்தது என்ன? 2010-இல் மட்டும் ஏறத்தாழ 1,38,000 குதிரைகள் கொல்லப்படுவதற்காகக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் கொண்டு செல்லப்பட்டன என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே அறிவித்தது. உள்நாட்டில் முன்பு கொல்லப்பட்ட தொகையும் ஏறக்குறைய அதுவே! கத்தி அகன்றதேயன்றி, சாவு அகலவில்லை. சாவுக்கு முன் நெடும்பயணத் துன்பமும் சேர்ந்துகொண்டது.

நம் நாட்டின் நிலை யாது? 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாட்டினம், கோழி முதலிய பறவைகள், மீன் முதலியவற்றை உணவுக்குரிய உயிரினங்களாகக் குறிக்கின்றன. குதிரைக்கு அப்பட்டியலில் இடமில்லை. நன்று. ஆனால் குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் உயிர்வாழக் கூடியது. பந்தயக் குதிரையின் ஓட்டமோ பெரும்பாலும் பத்து வயதிற்குள் முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஆண்டுகளுக்கு நாள்தோறும் எட்டுப் பத்துக் கிலோ தீனி இடுபவர் யார்?

கோடை விடுமுறையில் நம் குடும்பங்கள் பல உதகைக்குச் செல்கின்றன. அங்கே சவாரிக் குதிரைகள் வருவாய் குன்றிய நாட்களில் சாலைகளில் திரிய விடப்படுவதும், குப்பைத் தொட்டிகளில் நெகிழிப் பையோடு எச்சில் உணவை மேய்வதும் பலரும் கண்ட காட்சியே. விலங்கைப் பட்டினியில் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். தண்டனை என்ன தெரியுமா? முதற் குற்றத்திற்குப் பத்து ரூபாய்க்குக் குறையாத, ஐம்பது ரூபாய்க்கு மிகாத அபராதம்! ஒரு வேளைத் தீவனச் செலவுக்கும் ஈடாகுமோ அது?

குதிரைக்காரரை மட்டும் பழிப்பது நீதியன்று. அவரும் அன்றாடம் காய்ச்சியே. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண் என்று கற்பிக்கும் திருச்சபையின் மறைக்கல்வி நூல், மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. ஆதலின், ஏழையின் தோளில் மட்டும் இச்சுமையை ஏற்றலாகாது. குதிரையால் வருவாயும் இன்பமும் பெற்ற அனைவரும் பங்கேற்க வேண்டும். சவாரிக் கட்டணத்திலும் பந்தய வருவாயிலும் ஒரு சிறு பகுதி, முதுமையுற்ற குதிரைகளின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட வேண்டும். அபராதத் தொகை காலத்திற்கேற்ப உயர வேண்டும். தேற வழியின்றித் துடிக்கும் விலங்கின் உயிரை அதிகாரிகளின் ஆணைப்படி முடிக்கவும் அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடந்தருகிறது. அத்தகைய நிலையில் தெருவோரத்தில் அணுஅணுவாய்ச் சாக விடுவதைக் கருணை என்று யார் சொல்வர்?

கொள்ளு என்றால் வாயைத் திறந்து, கடிவாளம் என்றால் வாயை மூடும் குதிரையை நம் பழமொழி எள்ளி நகையாடுகிறது. சவாரிக் காசுக்குக் கை நீட்டி, கொள்ளுச் செலவுக்குக் கை மடக்கும் மனிதரை என்னென்பது? கொல்லாதே என்னும் சட்டம் பாதி அறமே. உழைத்து ஓய்ந்ததற்கு உணவளிப்பதே மறுபாதி. பெற்றோரே, அடுத்த முறை உங்கள் குழந்தையைக் குதிரைமீது ஏற்றும் முன், அதன் விலா எலும்புகளைச் சற்று உற்று நோக்குங்கள். இதற்கு வயதானால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். குழந்தையும் அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்.