பெர்மிஷனை மாத்தினதும் லேப்டாப் ஆன் ஆகலையா? ஃபார்மட்டுக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணி. சித்தி பொண்ணிடமிருந்து போன். "அக்கா, லேப்டாப் ஆன் ஆக மாட்டேங்குது. கறுப்பு ஸ்க்ரீன்ல வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. புதன்கிழமை ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ!"

"என்னடி பண்ணினே?"

"ஒண்ணுமே பண்ணலைக்கா..."

பத்து நிமிஷம் விசாரித்த பிறகுதான் உண்மை வந்தது. பழைய ஃபோல்டர் ஒன்றை அழிக்கப் போயிருக்கிறாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று விண்டோஸ் மறுத்திருக்கிறது. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, சி டிரைவ் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி என்று போய், 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு நேராக டிக் போட்டிருக்கிறாள். டிக் விழுந்தது 'அலவ்' வரிசையில் இல்லை, பக்கத்திலிருந்த 'டினை' வரிசையில். உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டருக்கும் இதையே போடச் சொல்லும் கட்டத்தையும் விடவில்லை. நடுவில் வந்த எரர்களுக்கெல்லாம் 'கன்டினியூ'. அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். அவ்வளவுதான்.

மறுநாள் சர்வீஸ் கடையில் சொன்ன பதில்: "விண்டோஸ் போயிடுச்சும்மா. ஃபார்மட் பண்ணிடலாம். டேட்டா வராது."

இந்தக் கடைசி வரிதான் ஆபத்து. ஏன்னா, டேட்டா எங்கேயும் போகலை.

உண்மையில் என்ன நடக்குது?

உங்கள் கம்ப்யூட்டரை ஒரு அப்பார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபைலும் ஒரு வீடு. யார் உள்ளே போகலாம், யார் போகக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு லிஸ்ட் ஒட்டியிருக்கும். பெர்மிஷன் என்பது அந்த லிஸ்ட்தான். 1993-ல் விண்டோஸ் என்.டி வந்த காலத்திலிருந்தே விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ் டிஸ்க்குகளில் இந்த முறை இருக்கிறது.

அந்த லிஸ்ட்டில் உங்கள் பெயர் மட்டும் இருக்காது. 'சிஸ்டம்', 'லோக்கல் சர்வீஸ்', 'ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்' என்று விண்டோஸ் தனக்காக வைத்திருக்கும் கணக்குகளும் இருக்கும். நீங்கள் லாகின் செய்வதற்கு முன்பே எழுந்து வேலை பார்ப்பது இவைதான். 'எவ்ரிஒன்' என்ற பெயருக்குள் 'சிஸ்டம்' கணக்கும் அடக்கம். போதாததற்கு, ஒரே லிஸ்ட்டில் நேரடியாகப் போட்ட அனுமதியும் மறுப்பும் மோதினால், மறுப்புதான் ஜெயிக்கும்.

அதாவது, வாட்ச்மேனையும் சேர்த்து வெளியே தள்ளி கேட்டைப் பூட்டிவிட்டோம். வீட்டுக்குள் இருக்கும் சாமான்கள் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் வரிசை முக்கியம்: முதலில் ஃபைல்களைக் காப்பி எடுக்கணும், பிறகுதான் ரிப்பேர்.

முதல் வேலை: அந்த 48 இலக்க எண்

பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகியிருக்கும். பிட்லாக்கர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ரிப்பேர் செய்யப் போனால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லாவிட்டால் பூட்டைத் திறக்க வேறு வழி கிடையாது.

பதற வேண்டாம். போனில் பிரவுசரைத் திறந்து, லேப்டாப்பில் பயன்படுத்தும் அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழையுங்கள். உங்கள் டிவைஸ் பெயருக்குக் கீழே ரெக்கவரி கீ பெரும்பாலும் இருக்கும். காலேஜ் அல்லது ஆபீஸ் அக்கவுன்ட் என்றால், அங்குள்ள ஐ.டி ஆட்களிடம் கேளுங்கள். கிடைத்ததும் பேப்பரில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். என் தங்கச்சிக்கு பழைய மெயில் ஐடியின் பாஸ்வேர்டை ஞாபகப்படுத்தவே முக்கால் மணி நேரம் ஆனது!

இரண்டாவது வேலை: ஃபைல்களை வெளியே எடுப்பது

தேவை: ஃப்ரெண்ட்டின் கம்ப்யூட்டர், 16 ஜி.பி பென்டிரைவ், காப்பி எடுக்க ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டுடிஸ்க் அல்லது இன்னொரு பென்டிரைவ்.

1. ஃப்ரெண்ட்டின் கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸை இலவசமாக டவுன்லோடு செய்து, ரூஃபஸ் போன்ற சாஃப்ட்வேர் மூலம் பென்டிரைவில் ஏற்றுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம்.

2. அதை உங்கள் லேப்டாப்பில் செருகி, ஆன் செய்ததும் பூட் மெனுவுக்கான கீயை அழுத்துங்கள். கம்பெனியைப் பொறுத்து எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் என்று மாறும்.

3. உபுண்டு திறந்ததும் 'ட்ரை உபுண்டு'வைத் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் கை போகவே கூடாது.

4. ஃபைல்ஸ் ஆப்பில் உங்கள் டிஸ்க் தெரியும். கீ கேட்டால், அந்த 48 இலக்கங்களை நடுவில் உள்ள கோடுகளோடு டைப் செய்யுங்கள். 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் இருக்கும். காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸே மறுத்த ஃபைலை லினக்ஸ் எப்படித் திறக்கிறது? அந்த வாசல் லிஸ்ட்டை மதித்து ஆட்களைத் தடுப்பது விண்டோஸின் வேலை. பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் பொதுவாக அந்த லிஸ்ட்டைக் கண்டுகொள்வதில்லை.

ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள் போனிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில ஃபைல்கள் டிஸ்க்கில் இல்லாமல் ஆன்லைனில் மட்டுமே இருக்கலாம்.

மூன்றாவது வேலை: ரிப்பேர்

ஆன் செய்து, விண்டோஸ் லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு, மூன்று முறை செய்தால் ரெக்கவரி ஸ்க்ரீன் தானாக வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்' உள்ளே போங்கள்.

*சிஸ்டம் ரெஸ்டோர்:* பழைய தேதியில் ரெஸ்டோர் பாயின்ட் இருந்தால் முதலில் இதை முயலுங்கள். பெர்மிஷன் குழப்பத்தை எல்லா நேரமும் சரிசெய்யும் என்று சொல்ல முடியாது. ஆனால், சொந்த ஃபைல்களில் கைவைக்காது.

*கமாண்ட் ப்ராம்ப்ட்:* ஐ, சி, ஏ, சி, எல், எஸ் என்ற ஆறு எழுத்து கமாண்ட் மூலம் பெர்மிஷனைத் திருத்தலாம். என்ன மாற்றினோம் என்று துல்லியமாகத் தெரிந்தால், அந்த ஒன்றை மட்டும் திருப்புங்கள். 'டிரைவ் முழுக்க ரீசெட் பண்ணுங்க' என்று யாராவது கமாண்ட் கொடுத்தால் நம்ப வேண்டாம். விண்டோஸ் ஃபோல்டருக்கு ஒரு லிஸ்ட், ப்ரோகிராம் ஃபைல்ஸுக்கு வேறு லிஸ்ட் என்று தனித்தனியாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினால் குழப்பம் இன்னும் கூடும். இன்னொரு விஷயம், இந்த ஸ்க்ரீனில் சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம்.

*ரீசெட் திஸ் பிசி:* இதில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் ஆப்கள் போகும், சொந்த ஃபைல்கள் இருக்கும். 'கிளவுட் டவுன்லோடு' தேர்ந்தெடுத்தால் 4 ஜி.பி-க்கு மேல் டேட்டா செலவாகலாம். மொபைல் ஹாட்ஸ்பாட் ஆட்கள் கவனிக்க.

*புதிதாக இன்ஸ்டால்:* எதுவும் சரிவரவில்லையென்றால், மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜி.பி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். காப்பி கையில் இருந்தால் இதற்குப் பயப்படவே தேவையில்லை.

இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க...

ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை என்றால், அந்த ஒரு ஃபோல்டரின் பெர்மிஷனை மட்டும் மாற்றுங்கள். சி டிரைவ், விண்டோஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ் மூன்றையும் தொடாதீர்கள். 'டினை' என்ற வரிசையே உங்களுக்குத் தேவைப்படாது. மாற்றுவதற்கு முன்பு ஒரு ரெஸ்டோர் பாயின்ட் போடுங்கள், ஒரு நிமிஷ வேலைதான்.

லினக்ஸ் பயன்படுத்தும் இன்ஜினீயரிங் பசங்களுக்கும் ஒரு வார்த்தை. டிஸ்க் முழுக்க 777 பெர்மிஷன் கொடுத்தால் எல்லாம் திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சூடோ கமாண்டே அதன்பிறகு வேலை செய்யாது.

தங்கச்சி கதை என்ன ஆச்சு? ரெஸ்டோர் பாயின்ட் எதுவும் இல்லை, ரீசெட் பாதியில் நின்றுவிட்டது. கடைசியில் விண்டோஸைப் புதிதாகத்தான் போட்டோம். ஆனால், திங்கள்கிழமை ராத்திரியே ப்ராஜெக்ட் ஃபோல்டர் பத்திரமாக ஹார்டுடிஸ்க்குக்கு வந்துவிட்டது. புதன்கிழமை ரிவ்யூவும் நல்லபடியாக முடிந்தது.

கடைக்காரர் அடுத்த முறை "ஃபார்மட் பண்ணிடலாமா?" என்று கேட்டால், "முதல்ல காப்பி எடுத்துக்கிறேண்ணே" என்று சொல்லுங்கள். அப்படியே இப்பவே உங்கள் ரெக்கவரி கீ எங்கே இருக்கு என்று போனில் ஒருமுறை பார்த்துவிடுங்களேன்!