வரைபடத்துக்குப் பின்னால் ஓடும் வினவல்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நெசவாளர் சங்கத்தில் பட்டும் சரிகையும் வாங்கிப்போய், புடவையாக நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறார். கணக்கெல்லாம் கணினியில். மாதக் கூலியைக் காட்டும் வரைபடத்தில் ஒவ்வொரு மாதத்துப் பட்டையும், பேரேட்டில் உள்ள தொகையைப்போல் சரியாக இரண்டு மடங்கு உயர்ந்து நிற்கிறது. பதிவு செய்த எண்களில் ஒரு தவறும் இல்லை. அப்படியானால் பிழை எங்கே நுழைந்தது?

வரைபட மென்பொருளில் நாம் சுட்டியால் இழுத்துப் போடுவது 'மாதம்', 'கூலி' என்ற இரண்டு பெயர்களைத்தான். அவற்றை வைத்து எஸ்.க்யூ.எல். மொழியில் ஒரு வினவலை மென்பொருளே எழுதித் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. தரவுகளை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, தேவைப்படும்போது இணைத்துக்கொள்ளும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் முன்வைத்தார். அதற்கான கேள்வி மொழியை அங்கேயே டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் வெளியிட்டார்கள். இழுத்துப் போட்டால் வினவல் தானாகப் பிறக்கும் வழியை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் போலாரிஸ் ஆய்வு வகுத்தது. அதிலிருந்து 2003-இல் டாப்லோ நிறுவனம் வந்தது. வினவல் எழுதத் தெரியாதவரும் தரவைப் பார்க்க முடிந்தது பெரிய வரம். ஆனால் கண்ணில் படாத வினவலை யாரும் சரிபார்ப்பதில்லை.

நம் சங்கத்தின் வினவலைத் திறந்து பார்ப்போம். புடவை அட்டவணையில் ஒரு புடவைக்கு ஒரே வரி. கூலி 12,000 ரூபாய் என்று கொள்வோம். பொருள் அட்டவணையில் அதே புடவைக்கு இரண்டு வரிகள்: ஊடைப் பட்டுக்கு ஒன்று, சரிகைக்கு ஒன்று. (ஒரு பாவில் பல புடவைகள் நெய்வதால் பாவுக் கணக்கு தனி.) கூலியோடு சரிகை எடையையும் பார்க்கலாமே என்று ஒருவர் பொருள் அட்டவணையைச் சேர்த்திருக்கிறார். மென்பொருள் புடவை எண்ணை வைத்து இரண்டையும் இணைத்தது. இணைத்ததும் ஒரு புடவை இரண்டு வரிகளாகிறது, இரண்டிலும் 12,000. கூட்டினால் 24,000. மென்பொருள் கேட்டதைத்தான் செய்தது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. மாதம் முழுவதையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு புடவை எண்ணை வடிகட்டியில் போடுங்கள். கூட்டலை நீக்கிவிட்டு வரிகளை அப்படியே வரவழையுங்கள். ஒன்று வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தால் காரணம் இணைப்புதான். இங்கே பலரும் 'டிஸ்டிங்க்ட்' என்ற சொல்லைக் கூலிக்கு முன்னால் சேர்த்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். இது முன்னதைவிட ஆபத்தான பிழை. ஒரே டிசைனில் நெய்த இரண்டு புடவைகளுக்கும் கூலி 12,000 என்றால், 'டிஸ்டிங்க்ட்' அவற்றை ஒன்றாக்கிவிடும்; ஒரு புடவையின் கூலி காணாமல் போகும். பொருள் வரிகளை முதலில் புடவைவாரியாகச் சுருக்கிவிட்டுப் பிறகு இணைப்பதே சரியான மருந்து. டாப்லோ 2020-இல் கொண்டுவந்த உறவு முறையும் இந்தப் பெருக்கத்தைத் தவிர்ப்பதற்காகத்தான்.

பிழையின் சாயலே பாதி வழி காட்டிவிடும். ஜக்கார்டு தறியில் அட்டையின் துளை தவறியிருந்தால் ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் குறை திரும்பத் திரும்ப வரும். இழை அறுந்த குறை ஓரிடத்தோடு நிற்கும். எண்களும் அப்படித்தான். எல்லா மாதமும் சீராகப் பெருகியிருந்தால் இணைப்பைப் பாருங்கள். ஒரு நாள் குறைந்து பக்கத்து நாள் கூடியிருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்.

கடிகாரப் பிழைக்கு இந்த ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் வைபவம் நடந்தது. ஜூலை 31 வரை சயனக் கோலம், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலம். ஆகஸ்ட் 1 விடியற்காலை 5 மணிக்கு ஒருவர் உள்ளே போனதாக ஒரு கணினி பதிவு செய்கிறது என்று கொள்வோம். பல தரவுத்தளங்கள் நேரத்தைப் பொது உலக நேரத்தில் வைத்திருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அங்கே அந்தப் பதிவு ஜூலை 31 இரவு 11.30. நாள்வாரி வரைபடத்தில் நின்ற கோலம் கண்டவர் சயனக் கோலக் கணக்கில் விழுந்துவிடுவார். பட்டுக்கடைக் கணக்கில் இது தெரியவே தெரியாது, நள்ளிரவுக்கும் 5.30-க்கும் நடுவில் அங்கே யாரும் புடவை வாங்குவதில்லை. அதனால்தான் இந்தப் பிழை வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

வினவலைப் பார்க்க வழி பெரும்பாலும் உண்டு. சூப்பர்செட்டில் 'வியூ குவெரி', பவர் பிஐ-யில் 'பெர்ஃபார்மன்ஸ் அனலைசர்'. வினவலைக் காட்டாத மென்பொருளிடம் கூலிக் கணக்கை ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திறந்தபின் வடிகட்டி வரியையும் படியுங்கள். 'அரக்கு நிறம் அல்லாதவை' என்று கேட்டால், நிறமே பதியாமல் காலியாக விட்ட புடவைகளும் வராமல் போகும். காலியான இடத்தை எதனோடு ஒப்பிட்டாலும் எஸ்.க்யூ.எல். 'ஆம்' என்றும் சொல்லாது, 'இல்லை' என்றும் சொல்லாது; அந்த வரியை விட்டுவிடும். அரக்குப் புடவைகளையும் அரக்கு அல்லாதவற்றையும் தனித்தனியே எண்ணிக் கூட்டுங்கள். மொத்தத்தைவிடக் குறைந்தால், அந்த வித்தியாசம்தான் நிறம் பதியாத புடவைகள்.