ஆள் சேர்த்தால் லட்சாதிபதியா?

பனமலை ஒரு சிற்றூர். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள குன்றின் மேல் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய சிவன் கோவில் உண்டு.

அந்தக் குன்றில் எத்தனை பேர் ஏறினாலும் அத்தனை பேரும் உச்சிக்குப் போகலாம். ஒருவர் மேலே போவதற்காக இன்னொருவர் கீழே நிற்க வேண்டியது இல்லை.

ஆனால் வேறு ஓர் ஏணி இருக்கிறது. அதில் மேலே இருப்பவர் வாழ வேண்டுமானால், கீழே இருப்பவர் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்! அதுதான் ஆள் சேர்க்கும் “சங்கிலி வியாபாரம்”. எம்.எல்.எம். என்றும் சொல்லுகிறார்கள்.

திண்ணைப் பேச்சு

“சோப்பும் சத்து மாவும் நீங்கள் வாங்குகிறவைதானே, அண்ணி? எங்களிடம் வாங்குங்கள். ஆறு பேரைச் சேர்த்து விடுங்கள். அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்தபடியே பணம் வரும்!”

எந்த ஊர்த் திண்ணையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கேட்க இனிக்கிறது. கணக்குப் போட்டால்?

முதல் படியில் 6 பேர். இரண்டாம் படியில் 36. மூன்றாம் படியில் 216. ஆறாம் படிக்கு மட்டும் 46,656 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் செஞ்சி நகரின் மக்கள் தொகையே சுமார் 27 ஆயிரம்தான்!

பத்துப் படிகளையும் கூட்டினால் 7 கோடியே 25 லட்சம் பேர். 2011-ல் தமிழ்நாட்டின் மொத்த மக்கள் தொகை 7 கோடியே 21 லட்சம். தொட்டில் குழந்தையும் சோப்பு விற்க வேண்டும். அப்போதும் ஆள் போதாது!

யார் வாடிக்கைக்காரர்?

கணக்குக்காக ஒரு குடும்பத் தலைவியை வைத்துக்கொள்வோம்.

அவர் மாதம் 5,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார். முழுவதும் விற்றால் 6,000 ரூபாய் வரும். ஆனால் பாதிதான் விற்கிறது. கைக்கு வருவது 3,000. கமிஷன் 250. சென்னையில் நடக்கும் கூட்டத்துக்குப் பஸ், சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து 900 செலவு.

வரவு 3,250. செலவு 5,900. கையை விட்டுப் போனது 2,650!

அலமாரியில் தங்கிய 2,500 ரூபாய்ச் சரக்கையும் வரவில் சேர்த்தாலும் 150 ரூபாய் நஷ்டம். வீடு வீடாக நடந்த நடைக்குக் கூலி இல்லை. கடன் வாங்கிப் போன உறவினரிடம் காசு கேட்டால் மனக்கசப்பு வேறு!

அடுத்த மாதம் சரக்கு எடுக்காவிட்டால் கமிஷன் நின்றுவிடும் என்பார்கள். மீண்டும் 5,000. நகை அடகுக் கடைக்குப் போகிறது. அவர் தம்மை வியாபாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அவர்தான் வாடிக்கைக்காரர்!

அமெரிக்காவின் வர்த்தகக் கமிஷன் அதிகாரிகள் இத்தகைய 70 கம்பெனிகளின் வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. பெரும்பாலான அறிக்கைகளில், விற்பவர் செய்த செலவு கழிக்கப்படவே இல்லை!

தொழிற்சாலை முடக்கம்

“ஆம்வே” 1959-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கம்பெனி. 1998-ல் இந்தியாவில் விற்பனையை ஆரம்பித்தது. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை அதன் 757 கோடி ரூபாய்ச் சொத்துக்களை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நிலமும் தொழிற்சாலைக் கட்டிடமும் அவற்றில் அடங்கும்.

கம்பெனி 20 ஆண்டுகளில் 27,562 கோடி ரூபாய் வசூலித்தது என்றும், 7,588 கோடி ரூபாயைக் கமிஷனாகக் கொடுத்தது என்றும் அமலாக்கத் துறை கூறியது. விவரம் தெரியாத மக்கள் உறுப்பினராகி, அதிக விலைக்குப் பொருள் வாங்கி, பாடுபட்டுச் சேர்த்த பணத்தை இழக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. விசாரணை 2011 முதல் நடப்பதாகவும், தாங்கள் ஒத்துழைத்து வருவதாகவும் கம்பெனி பதில் சொன்னது.

சேர்த்துவிட்டவருக்கும் சிறை!

ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. திட்டத்தை நடத்துபவர் மட்டும் அல்ல, அதில் பிறரைச் சேர்த்துவிடுபவரும் குற்றவாளியே!

நேரடி விற்பனைக்கு 2021-ல் தனி விதிகள் வந்தன. “வேறு ஆளைச் சேர்த்தால் கொடுத்த விலையைத் திரும்ப எடுத்துவிடலாம்” என்று ஆசை காட்டி விற்கக் கூடாது என்கின்றன அவை. புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915.

திண்ணைக்கு வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

“ஆளே சேர்க்காமல், பொருளை மட்டும் விற்றால், செலவு போக மாதம் எவ்வளவு மிஞ்சும்?”

பதில் வராவிட்டால், தண்ணீர் கொடுத்து உபசரித்து அனுப்பிவிடுங்கள். லாபம் தேடிப் போய் முதலுக்கே மோசம் வேண்டாம்!